யார் கொடுத்த சம்மதம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘ஓபன் மேரேஜ்’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். என் கணவர் எனக்கு முன்பே படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து உள்ளே செருகி வைத்திருந்தார். எழுபது வயதில் இந்தப் பதற்றம்! கணவன் மனைவி பேசி ஒப்புக்கொண்டு வெளியே வேறு உறவும் வைத்துக்கொள்வது மேல்நாட்டுச் சரக்கு, நம் மதம் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். அங்கேதான் எனக்கு உறுத்தியது.

நான் பூம்புகார் பக்கத்துக்காரி. இயற்பகை நாயனார் எங்கள் சீமைக்காரர். சிவபெருமான் மறையவர் கோலத்தில் வந்து ‘உன் மனைவியைக் கொடு’ என்று கேட்க, கொடுத்தவர். தடுக்க வந்த சொந்தக்காரர்கள் அவர் வாளுக்கு விழுந்தார்கள். இது பக்திக் கதை. இதையும் ஓபன் மேரேஜையும் ஒரே கடிதத்தில் எழுதியதற்கே, என் மாமியார் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்திருக்காது. ஆனாலும் பெரியபுராணத்தில் அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள். கணவர் சொன்னதும் அந்த அம்மாள் முதலில் கலங்குகிறார். பிறகு தெளிந்து சொல்லும் பதிலில் ‘உரிமை வேறு உளதோ எனக்கு’ என்று வருகிறது. பல வருஷமாக அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரமாகிறது.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பாண்டு, ‘முன்காலத்தில் பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது, சுவேதகேது என்ற முனிவர்தான் கொண்டுவந்தார்’ என்று குந்தியிடம் சொல்கிறான். எதற்காக? அவள் வேறொருவர் மூலம் தனக்குப் பிள்ளை பெற்றுத்தர வேண்டும், அதற்காக. அவளோ முதலில் மாட்டேன் என்றவள்.

சரி, புராணத்தை விடுங்கள். 1860-இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு என்ன சொன்னது? கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவன் மனைவியோடு இன்னொருவன் உறவு கொண்டால் குற்றம். கணவன் தலையாட்டிவிட்டால் வழக்கே இல்லை. அவனே வெளியே போனால் அந்தப் பிரிவின் கீழ் மனைவி புகார் கொடுக்க வழியில்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தபோது எங்கள் தெருவில் ‘கலாசாரம் போச்சு’ என்று புலம்பினார்கள். இந்தப் பிரிவைத்தான் கலாசாரம் என்றார்களா, தெரியவில்லை.

இன்னொன்றும் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி, துணை வேறொருவரோடு உறவு கொள்வது இன்றும் விவாகரத்துக்குக் காரணம்தான். ஆனால் அதற்கு உடந்தையாக இருந்தவர், பிறகு அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்டால் 23-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். இன்று சரி என்று சொல்லும் பெண்ணுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் ஒரே மனிதரோடு சண்டை போட்டுப் பழகிவிட்டேன். அது என் விஷயம். அந்தக் கட்டுரைக்காக நீங்கள் பேட்டி எடுத்த தம்பதியில் கணவர் பேசியது ஒன்றரைப் பக்கம், மனைவி பேசியது நான்கு வரி. அதிலும் ‘அவருக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே’ என்பது ஒரு வரி. அந்த மனைவியை மட்டும் தனியாகச் சந்தித்து இன்னொரு முறை பேட்டி எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை