தேடல் பலி கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ‘தேடலின் விலை’ கட்டுரையை மதிப்போடுதான் வாசித்து வந்தேன், இந்த வரி வரும் வரை: “ஆய்வுப் பயணம் உயிர்ப்பலி கேட்கும், கொடுக்கத் தயங்குகிறவர்கள் கரையிலேயே இருக்கட்டும்.”

நான் கரையில் இருந்தவன் அல்லன். கடலடித் தரையை அளக்கும் கப்பல்களில், கருவிகளைக் கம்பிவடத்தில் இறக்கி ஏற்றும் வின்ச் பொறியின் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். மனிதன் ஆழ்கடலுக்கும் விண்வெளிக்கும் போகத்தான் வேண்டும் என்பதே என் கட்சியும். அதனால்தான் இந்த வரி இவ்வளவு சுடுகிறது.

கட்டுரையாளர் அமெரிக்க விண்ணோடங்களான சேலஞ்சரையும் கொலம்பியாவையும் ‘அறியாத வெளியின் பலிகள்’ என்கிறார். எது அறியாதது? 1986 ஜனவரியில் சேலஞ்சர் புறப்படுவதற்கு முந்தைய இரவே, ராக்கெட் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் அந்தக் குளிரில் விறைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். 73 விநாடிகளில் ஏழு உயிர்கள் போயின. பேரழிவு நேர வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகமும், நூற்றில் ஒன்று என்று வேலை செய்கிறவர்களும் கணித்திருந்ததை விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபெயின்மன் எழுதி வைத்திருக்கிறார். தங்களுக்குத் தெரியாததா இது? 2003இல் கல்பனா சாவ்லா போன கொலம்பியாவின் இடது இறக்கையில் நுரைத்துண்டு மோதியது, ஏவிய மறுநாளே தெரிந்துவிட்டது. படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் வேண்டாம் என்றது. விண்வெளியா கேட்டது அந்தப் பலியை?

எங்கள் கப்பல் ஒன்றிலும் இதுதான் நடந்தது. வின்ச் கம்பிவடத்தில் இழைகள் அறுந்திருப்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பருவம் முடிவதற்குள் அளவெடுப்பை முடிக்க வேண்டும், அடுத்த துறைமுகத்தில் மாற்றலாம் என்றார்கள். வடம் அறுந்து சுழன்று அடித்ததில் என்னோடு வேலை பார்த்த இளைஞனின் கை போயிற்று. அறிக்கையில் ‘கடலின் சீற்றத்தால் நேர்ந்த எதிர்பாராத விபத்து’ என்று எழுதினார்கள். அன்று கடல் அமைதியாக இருந்தது.

2023இல் டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி ஐவர் இறந்தபோதும் நம் இதழ் ‘ஆழத்தின் அழைப்பு’ என்று தலைப்பிட்டது. கார்பன் இழையால் செய்த அந்தக் கலம் எந்தச் சான்றளிப்பு அமைப்பின் தகுதிச் சான்றும் பெறாதது, 2018லேயே துறை வல்லுநர்கள் எச்சரித்திருந்தார்கள் என்று அப்போதும் எழுதினேன். வருத்தம் தெரிவித்த முதல் பத்தியை மட்டும் வெளியிட்டு, மீதியை வெட்டிவிட்டீர்கள். இடநெருக்கடி இருந்திருக்கலாம். ஆனாலும் மனம் ஆறவில்லை.

நின்று சரிசெய்தால் தேடல் செத்துவிடும் என்று பயப்படுகிறார் கட்டுரையாளர். 1967இல் நிலவுப் பயணத் திட்டத்தின் அப்போலோ 1 கலம் தரையிலேயே எரிந்து மூவர் மாண்டார்கள். அதன்பின் 20 மாதங்களுக்கு மேல் எந்த அப்போலோ கலத்திலும் ஆளை ஏற்றவில்லை. உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றினார்கள். தரையில் நிற்கும்போது அறையில் தூய ஆக்சிஜன் நிரப்புவதையும் நிறுத்தினார்கள். 1969இல் நிலவில் இறங்கிவிட்டார்களே! மாலுமிகளைத் தாக்கிய ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தென்று கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் சோதித்துக் காட்டினார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முடிவெடுத்தது 1795இல். இடையில் ஈறு அழுகிச் செத்த மாலுமிகளையும் கடல்தான் பலி கேட்டது என்று எழுதுவாரா?

தெரிந்த ஆபத்தை, போகிறவனிடம் சொல்லி, அவன் சம்மதித்துப் போனால் அது துணிவு. சொல்லாமல் அனுப்பியவனின் குற்றத்தைத் துணிவு என்ற பெயரில் மூடாதீர்கள்.

தாங்கள் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். இத்தொடரின் அடுத்த பகுதியில், ஒவ்வொரு விபத்தின் கீழும் விசாரணைக் குழு என்ன சொன்னது என்று நான்கு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கைகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. இந்த முறையாவது கடிதத்தை வெட்டாமல் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்