ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பழைய கார் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டிசம்பரில் கடற்கரைச் சாலையில் நடத்த நினைத்த கார் அணிவகுப்பு நடக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்தையும் விடவில்லை. அன்று எஞ்சினை நினைத்துத்தான் எல்லோரும் தவித்தோம். எஞ்சின்களை ஒருவழியாகக் காப்பாற்றிவிட்டோம். அடிவாங்கியது, வண்டியின் பாரத்தைத் தாங்க அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், யாரும் குனிந்து பார்க்காத வளைந்த எஃகு ஸ்பிரிங் பட்டைகள். ஆகவே இந்த ஆண்டுப் பணி என்றால் பட்டைப் பணிதான்.

வெள்ளம் வடிந்தாலும் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் புகுந்த ஈரமும் சேறும் லேசில் போவதில்லை. நம் ஊர் உப்புக்காற்றும் சேர, உள்ளுக்குள் துரு பிடித்து, துருவே பட்டைகளைப் பிரித்துத் தூக்குகிறது. வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையின் அடியில் உரசி உரசி ஒரு பள்ளம் போட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டை ஒடிந்தால் அநேகமாக அந்தப் பள்ளத்தில்தான் ஒடியும்.

நம்மிடம் உள்ள வண்டிகளில் அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிப் பாரம் தாங்கும் கம்பி; பின்னால் மட்டும் பட்டை. பழைய பியட்டுக்கும் பின்னால்தான். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு நாலு பக்கமும் வேலை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனி ரகம்: பின் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே பட்டை செட். அது தொய்ந்தால் வண்டி கன்றுக்குட்டி மாதிரி பின்னங்காலை அகட்டிக்கொண்டு நிற்கும். டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டு அலைன்மென்ட்டுக்கு ஓடியவர் நம்மிலேயே உண்டு.

முதல் வண்டியில் பாடம் படித்தோம். நகரத்தில் ஒரு பட்டறையில், இறங்கிப்போன பட்டையை கேஸ் வைத்து நடுவில் மட்டும் சூடாக்கி வளைத்துக் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகாக நிமிர்ந்திருந்தது. சில வாரங்களிலேயே பழையபடி உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் சூடு வைத்தால் அந்த இடத்தில் பட்டையின் பதம் போய்விடும். சூட்டில் செய்வதென்றால் பட்டை முழுவதையும் உலையில் 900 டிகிரி அளவுக்குப் பழுக்க வைத்து, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 400 முதல் 500 டிகிரிச் சூட்டில் பதப்படுத்த வேண்டும். அதற்கு வசதியில்லாத இடத்தில் கொடுப்பதைவிட, அந்தப் பட்டையைப் புதிதாகப் போடுவது மேல்.

அதன்பின் விழுப்புரம் சாலையில் லாரிகளுக்குப் பட்டை வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம் போனோம். லாரி பட்டையில் அடித்த அரிவாளுக்குக் கிராமத்தில் தனி மரியாதை உண்டே, அந்த இரும்பின் குணம் தெரிந்த மனிதர். வண்டியில் இருக்கும்போதே எது முன்பக்கம் என்று ஒவ்வொரு பட்டையிலும் குறிபோடச் சொன்னார். பட்டைகளை ஒன்றாகக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் சரிநடுவில் இருக்கும் என்று நம்பக் கூடாதாம். கழற்றியதும் மெயின் பட்டையின் இரு நுனியிலும் சுருட்டியிருக்கும் கண் இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, கயிற்றிலிருந்து சென்டர் போல்ட் வரை அளந்தார். இடது, வலது இரண்டு அளவையும் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினார். கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே சென்டர் போல்ட்டைத் தொட்டார். கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் பட்டைகள் துள்ளி முகத்தில் அடிக்கும்.

கம்பி பிரஷ் போட்டுத் துரு நீக்கிய பட்டைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பட்டையில் முடி மாதிரி ஈரக்கோடு எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். வெல்டிங் வைத்தால் என்ன என்று கேட்டவரை அவர் பார்த்த பார்வை போதும். யாரும் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பட்டையை மாற்றினோம். மற்றவற்றில் பள்ளங்களை நீளவாக்கில் தேய்த்துச் சமன் செய்து, நுனிகளின் கூர்முனையை மழுக்கினார். பிறகு சிமென்ட் தரையில் வளைவை வரைந்து, சூடு காட்டாமலேயே பட்டையை அடிக்கட்டையில் வைத்து, ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காமல் நகர்த்தி நகர்த்தித் தட்டி வளைவேற்றினார். கீழே போகப்போகக் குட்டைப் பட்டைக்கு வளைவு சற்றுக் கூடுதல். சென்டர் போல்ட் இறுகும்போது எல்லாம் ஒன்றையொன்று அணைத்துப் பாரம் பகிரும்.

கூடுதலாக ஒரு பட்டை செருகினால் போதாதா என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். உயரம் வரும், உண்மைதான். கூடவே வண்டி லாரி போல முதுகை உடைக்கும். பழைய பட்டையின் நோய் அப்படியே இருக்கும். என் கருத்து மாறவில்லை. தவிர, 2021 விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு பழம்பெரும் வண்டிகளுக்கான விஏ வரிசைப் பதிவெண் வாங்க நினைப்பவர்கள், பழைய அமைப்பை எவ்வளவு காக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மாட்டும்போது இரண்டு விஷயம். பட்டையின் நுனியை வண்டியோடு இணைக்கும், ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிள் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அவை தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் போதும். ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகூர் உறுப்பினரின் ஹெரால்டு மட்டும் பாக்கி. அடுத்த மழைக்கு முன் முடித்துவிடுவோம். ஆண்டுச் சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்றே பொருளாளரைப் பார்க்கவும். சங்கத்தின் பெரிய கிளாம்ப்பை எடுத்துச் சென்றவர் யாராயினும், ஹெரால்டு வேலைக்குள் திருப்பித் தரவும்.

இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்