மாதிரிப் போர்க்கப்பல் வெறும் பொம்மையல்ல

ஆசிரியருக்கு,

ரிமோட்டில் ஓடும் மாதிரிப் போர்க்கப்பல்களைக் கட்டி மோதவிடுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று பலர் ஒதுக்குகிறார்கள், அது சரியில்லை. அசல் கப்பலின் வரைபடத்தைப் பார்த்து 1:144 அளவில், அதாவது அசலின் நீளத்தில் 144-ல் ஒரு பங்காக, கட்டுகிறார்கள். 251 மீட்டர் நீள ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க் அப்போதும் சுமார் 1.74 மீட்டர் வரும். பீரங்கி உண்மையாகவே சுடும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் சின்ன இரும்புக் குண்டு பாய்ந்து எதிரியின் மெல்லிய பால்சா மரப் பக்கத்தைத் துளைக்கும், தண்ணீர் புகும், உள்ளே பம்ப் விடாமல் இறைக்கும், ஓட்டை அதிகமானால் கப்பல் சாய்ந்து நிஜமாகவே மூழ்கிவிடும். அப்புறம் தூக்கி, காயவைத்து, ஓட்டையை அடைத்து மறுபடி இறக்க வேண்டியதுதான். மரவேலையும் மின்சுற்றும் வரலாறும் இவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கரையில் நிற்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போட வேண்டும், அதில் சலுகையே கூடாது. ஞாயிறு இணைப்பில் இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்