ஃப்ரெடியின் தனி ஆல்பம்: ஒரு வரியில் கடந்துவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டனின் குயீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 1985இல் அவர் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான 'மிஸ்டர் பேட் கை'யை, குயீன் குழுவை விட்டுப் போய்ச் செய்த தோல்வி முயற்சி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அதை ஏற்க மனம் வரவில்லை.

ஃப்ரெடியின் வாழ்க்கையைச் சொல்லி 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படம் பரப்பிய கதை அது. உண்மையில் குயீன் அப்போது உடையவே இல்லை. ஆல்பம் வெளியான அதே ஏப்ரல், மே மாதங்களில் குழுவினர் நால்வரும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் ஒன்றாகத்தான் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். தனி ஆல்பம் போடுவதிலும் ஃப்ரெடி முதல் ஆள் இல்லை. டிரம்மர் ரோஜர் டெய்லர் அதற்குள் இரண்டு போட்டுவிட்டார். விற்பனையும் மோசமில்லை, பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது.

சரி, பாட்டுக்கு வருவோம். இத்தனை வருடம் கழித்து இப்போது முழுதாகக் கேட்கும்போது அந்தக் கால சிந்தசைசர், டிரம் ஓசை பல இடங்களில் பழசாகத்தான் ஒலிக்கிறது. இரண்டு மூன்று பாடல்கள் சாதாரணம். ஆனால் 'லிவிங் ஆன் மை ஓன்' அப்படியில்லை. தனிமை தாங்காமல் அழுகை முட்டுகிறது என்று பாடிக்கொண்டே வருகிறவர், திடீரென்று சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலிகளாலேயே ஜாஸ் பாடகர்போல விளையாடுகிறார். பிறகு ஃப்ரெட் மாண்டெலின் பியானோ துள்ளிக்கொண்டு நுழைகிறது. துக்கத்தையும் கும்மாளத்தையும் ஒரே மூச்சில் பாட அவரைப்போல யார் இருக்கிறார்கள்? ஃப்ரெடி மறைந்து இரண்டு வருடம் கழித்து, 1993இல், நடன தாளம் சேர்த்த ரீமிக்ஸாக இதே பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எனக்கு மூல வடிவம்தான் உயர்வு. அந்தப் பியானோ இல்லாமல் இந்தப் பாட்டு எனக்கு நிறைவதில்லை.

இந்த ஆல்பத்தின் இரண்டு பாடல்களை, ஃப்ரெடியின் குரலை அப்படியே வைத்து, மற்ற மூவரும் புதிதாக வாசித்து 1995இல் குயீன் ஆல்பத்தில் சேர்த்தார்கள். 'மேட் இன் ஹெவன்' பாடலுக்கு அதில் கம்பீரம் கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ'வின் அந்த லேசான குதூகலம் கிட்டார் இரைச்சலில் அமுங்கிவிட்டது என்றே சொல்வேன்.

அப்புறம் 'லவ் மீ லைக் தேர்ஸ் நோ டுமாரோ'. குரலை உயர்த்திக் காட்டவேண்டிய அவசியமே இல்லாமல், கெஞ்சலாகப் பாடியிருப்பார். மேடையில் பல்லாயிரம் பேரை ஆட்டுவித்தவரிடம் இப்படி ஒரு அடக்கமும் இருந்தது என்பதை இதில்தான் கேட்க முடியும். ஆல்பத்தையே தன் பூனை ஜெர்ரிக்குக் காணிக்கையாக்கிய மனிதர் அவர்!

2019இல் மூல ஒலிநாடாக்களிலிருந்து இதை மறுகலவை செய்து வெளியிட்டார்கள். குரல் இன்னும் துலக்கமாக இருக்கிறது. புதிதாகக் கேட்கிறவர்கள் அந்தப் பதிப்பில் தொடங்கலாம். தனி ஆல்பங்களைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதும்படி அதே கட்டுரையாளரிடமே கேளுங்கள். 1988இல் ஓபரா பாடகி மொன்செராட் கபாலேயோடு ஃப்ரெடி பாடிய 'பார்சிலோனா'வையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்