டைல்ஸை உடைக்கும் முன் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவருக்குள் பதித்த ஷவர் வால்வு ஒழுக ஆரம்பித்தால் டைல்ஸை உடைத்தே தீர வேண்டும் என்று அடுக்குமாடிகளில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பரும் அதைத்தான் சொன்னார். "உடைச்சாத்தாம்மா உள்ள என்னன்னு தெரியும்" என்றவர், கூலி, டைல்ஸ், சிமென்ட் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் கேட்டார். கணவர் மஸ்கட்டில். வீட்டில் நானும் மாமியாரும்தான். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமே இல்லாத நான், ஒரு டைல்ஸில்கூடக் கீறல் விழாமல் அதைச் சரிசெய்துவிட்டேன். கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன். ஆனால் எழுதக் காரணம் வேறு. வேலை சுலபமாக இருந்தது. வேலையைத் தொடங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில், எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். மூடிய பிறகும் ஷவர் தலையிலிருந்து சொட்டினால் வால்வின் உள்பாகம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். (குளித்து முடித்ததும் சில நிமிடம் சொட்டுவது கணக்கில் வராது, அது குழாயில் தங்கிய தண்ணீர்.) கைப்பிடியின் பின்னாலிருந்து கசிந்தால் ரப்பர் வளையமோ பேக்கிங்கோ போயிருக்கும். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் சுவரில் கை வைக்க வேண்டியதில்லை. சுவரின் மறுபக்கம் ஈரம் பூத்துப் பெயின்ட் உப்பினால் மட்டும் விஷயம் வேறு. அது குழாய் இணைப்பில் கசிவாக இருக்கலாம், அதற்கு உடைக்கத்தான் வேண்டியிருக்கும். எங்களுக்கு முதல் வகை. இரவு வைத்த வாளி விடிவதற்குள் முக்கால்வாசி நிரம்பிவிடும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் மடிப்பாக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியுமா?

வேலையில் இறங்க முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். இங்குதான் கதையே. எங்கள் குளியலறைக்கென்று தனி வால்வு கிடையாது. மொட்டை மாடித் தொட்டியின் அடியில் ஒரே மாதிரி கேட் வால்வுகள் வரிசையாக நிற்கின்றன. எது எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை, சங்கச் செயலாளருக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை மூடியதில் மேல்வீட்டு மாமா சோப்பு நுரையோடு குளியலறையில் மாட்டிக்கொண்டார். எங்களுடையதைக் கண்டுபிடித்தபோது அது துருப்பிடித்து அசையவே மறுத்தது. வருஷக்கணக்கில் யாரும் திருப்பாத வால்வு வேறு எப்படி இருக்கும்? எண்ணெய் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துத்தான் மூட முடிந்தது.

அப்புறம் கீழே வந்து கெய்சர் சுவிட்சை அணைத்து, கீழ்க்குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடித்தேன். வடிகால் ஓட்டையைத் துணியால் அடைத்தேன், திருகாணி அதற்குள் போனால் தேட முடியாது. கைப்பிடி நடுவில் உள்ள சின்ன மூடியை நெம்பினால் உள்ளே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் கைப்பிடி வரும், பின்னாலேயே சுவரை ஒட்டிய வட்டத் தட்டும் வரும். அதற்குள் இருக்கும் பித்தளை ஸ்பிண்டில்தான் தண்ணீரைத் திறந்து மூடும் அந்த உள்பாகம், அதை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்ற வேண்டும். ஆனால் டைல்ஸ் பதித்தவர் துளையைச் சின்னதாகப் போட்டு, மிச்ச இடத்தை வெள்ளைச் சிமென்டால் அடைத்திருந்தார். ஸ்பேனர் நுழைய இடமில்லை. இத்தனைக்கும் இந்த வால்வுகளை விற்கும்போதே, சுவரில் எவ்வளவு ஆழத்தில் பதிக்கலாம் என்று கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்றை மாட்டித்தான் தருகிறார்கள். அந்தக் கோட்டை யார் பார்க்கிறார்கள்? பழைய ஸ்குரூ டிரைவரால் சிமென்டைச் சுரண்டி எடுத்து, பாக்ஸ் ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். இங்கே முரட்டுத்தனம் கூடாது. வெடுக்கென்று இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டுவிடும், பிறகு பிளம்பர் சொன்னதே நடக்கும்.

கையில் வந்த ஸ்பிண்டிலைப் பார்த்தால், போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் பத்துப்பிடித்திருந்தது. கால்வாசிச் சுற்றிலேயே திறந்து மூடும் இந்த வால்வுகளுக்குள் இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகரும். இடையில் உப்போ மணலோ சிக்கினால் தகடு கீறிவிடும், எவ்வளவு அழுத்தி மூடினாலும் ஒழுகும். அதனால் அழுத்தி மூடுவதில் பயனே இல்லை என்று மாமியாரிடம் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

பழையதை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "அக்கா, மாடல் நம்பர் தெரியுமா?" என்றார் கடைத் தம்பி. எங்கே தெரியும்? நம்பர் இருந்த அட்டைப்பெட்டி வீடு கட்டும்போதே குப்பைக்குப் போயிருக்கும். நீளம், மரை, கைப்பிடி மாட்டும் பற்கள், எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் எடுத்தோம். விலை முந்நூறு ரூபாய்ச் சொச்சம். மாட்டும் முன் கேட் வால்வை ஒரு நொடி திறந்து, உள்ளே இருந்த மணலை வெளியேற்றிவிட்டேன். கையால் இறுக்கி, ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைப்பாட்டில் குறை இருப்பதாகச் சொன்னால், கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்கும் பொறுப்பும் அவருடையதே. எங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்கு மூத்தது, எங்களுக்குப் பயனில்லை. ஆனால் இப்போது சாவி வாங்குகிறவர்கள் அந்த ஆவணங்களில் தண்ணீர்க் குழாய் வரைபடமும் இருக்கிறதா என்று சங்கத்தைக் கேட்க வைக்க வேண்டும். என் பங்குக்கு, மாடி வால்வுகளில் வீட்டு எண்ணைச் சிவப்புப் பெயின்டால் எழுதிவிட்டேன். மேல்வீட்டு மாமாதான் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

புது வீடு வாங்குவோருக்கு உங்கள் நாளிதழில் அவ்வப்போது ஆலோசனைகள் வெளியிடுகிறீர்கள். வில்லங்கம், பட்டா, அங்கீகாரம் எல்லாம் சொல்லும் அந்தப் பட்டியலில், குளியலறைக்குத் தனி வால்வு, பதித்த வால்வுகளின் மாடல் எண், நாலு உபரி டைல்ஸ் இவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, மடிப்பாக்கம், சென்னை