கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள்

மோஷன் கன்ட்ரோலர் வடிவமைக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சிறு பட்டறைகளில் சிஎன்சி மெஷின்களை, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்களை, பழுதுபார்ப்பது என் வேலை. அவற்றின் அசைவை இயக்கும் உங்கள் கன்ட்ரோலர்களை நம்பித்தான் எங்கள் ஊரில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குப் புரோகிராம் பிட் பிட்டாகப் போகும் சீரியல் போர்ட்டின் விவரத்தை மறைக்காமல் கொடுங்கள்.

போன மாதம் ஒரு மோல்டு பட்டறையில் பழைய கம்ப்யூட்டர் செத்துவிட்டது. புது லேப்டாப்பில் யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டு இணைக்கக் கூப்பிட்டார்கள். மெஷினில் மெமரி சிறியது. புரோகிராமை வரி வரியாக அனுப்பிக்கொண்டேதான் வெட்ட வேண்டும். மேனுவலில் போர்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாட் ரேட் (நொடிக்கு எத்தனை பிட்), பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்), ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் காட்டுவது) எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். 25 பின் கனெக்டரில் 2, 3, 7 மட்டும் இணைத்தால் அசையவே இல்லை. 4ஐயும் 5ஐயும் சேர்த்து, 6, 8, 20 மூன்றையும் தனியே சேர்த்து சால்டர் வைத்த பிறகுதான் முதல் வரி திரையில் வந்தது. இரண்டு நாள் போய்விட்டது.

சரி, முடிந்தது என்று நினைத்தால், பாதி வெட்டில் பஃபர், அதாவது வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி, நிரம்பிவிட்டதாக அலாரம். மெஷின் ‘நிறுத்து’ என்று 19ஆம் எண் எழுத்தை அனுப்புகிறது. கன்வெர்ட்டரோ தன் வயிற்றில் இருப்பதைத் தள்ளிவிட்டுத்தான் நிற்கிறது. நின்ற இடத்தில் கட்டர் சுற்றிச் சுற்றி, வேலைப்பொருளில் வட்டமாக ஒரு வடு. நிறுத்தச் சொன்ன பிறகு எத்தனை எழுத்து வரை கன்ட்ரோலர் தாங்கும் என்ற ஒரே ஓர் எண் தெரிந்திருந்தால், கன்வெர்ட்டரின் பஃபரை முதல் நாளே குறைத்திருப்பேன்.

வேகமும் அப்படித்தான். 4800 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் என்றால், ஸ்டார்ட் பிட்டும் சேர்த்து எழுத்துக்கு 11 பிட். நொடிக்குச் சுமார் 436 எழுத்து. வரிக்கு 20 எழுத்து என்றால் நொடிக்கு 21, 22 வரிதான். வரிக்கு 0.1 மில்லிமீட்டர் நகரும் வளைவில் நிமிடத்துக்கு 130 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆப்பரேட்டர் ஃபீடை (வெட்டும்போது நகரும் வேகத்தை) ஏற்றி ஏற்றிப் பார்க்கிறார், மெஷின் விக்கி விக்கி ஓடுகிறது. பாவம், அவருக்கு யார் சொல்வது?

இலவசமாகக் கிடைக்கும் ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோலர் மென்பொருளைப் பாருங்கள். 115200 பாட், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு போர்டில் 128 பைட் பஃபர், ஒவ்வொரு வரிக்கும் ‘ஓகே’ அல்லது பிழை எண் பதிலாக வரும். எல்லாம் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், போர்ட்டுக்கு ஆப்டோ ஐசொலேஷன் (கம்பித் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்துவது) கொடுங்கள். கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் எர்த் வேறுபட்டால் சிக்னல் கிரவுண்ட் வழியாகவே கரண்ட் பாய்ந்து போர்ட் கருகுகிறது.

பின் இணைப்பு, பாட், பாரிட்டி, பஃபர் அளவு, பதில் எழுத்துகள்: ஒரு தாளில் அடங்கிவிடும். புது மெஷினில் எலெக்ட்ரிக்கல் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி அனுப்புங்கள். ஏற்கெனவே விற்றவற்றுக்கும் தாளை மட்டும் அனுப்பிவையுங்கள். ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பழுதுபார்ப்பாளன்