உங்களுக்கு முன்னால் உள்ளே போனவரைப் பற்றி

தீயணைப்புத் துறையில் இருப்பவர்களுக்கும், ஆம்புலன்ஸில் வருபவர்களுக்கும், வீரச் செயலுக்கு விருது கொடுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஐந்து மாதங்களுக்கு முன்னால் ஒரு நள்ளிரவில் எங்கள் வீடு எரிந்தது. உள்ளே நான், என் இரண்டு பிள்ளைகள், என் மாமனார் என்று நான்கு பேர். நீங்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் நான்கு பேரும் தெருவுக்கு வந்துவிட்டிருந்தோம். எங்களை வெளியே கொண்டுவந்தவர், வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர். எங்களை அவருக்கு முன்பின் தெரியாது. அவரைப் பற்றித்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் அது ஒரே வரியில் முடிந்துவிட்டது: "அக்கம்பக்கத்தினர் மீட்டனர்."

நான் விழித்தது ஹாரன் சத்தத்தில். விட்டு விட்டு இல்லை, ஒரே இழுப்பாக. மாடி அறையில் பிள்ளைகளோடு படுத்திருந்தேன். எழுந்து கதவைத் திறந்தால் படிக்கட்டைக் காணோம். புகை என்றால் மேலே மிதக்கும் என்று நினைத்திருந்தேன், அது சுவர் மாதிரி எதிரில் நின்றது. ஒரு மூச்சு உள்ளே போனதும் தொண்டை இறுகிவிட்டது. பயத்தில் கதவைச் சாத்தினேன். அப்படிச் சாத்தியதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று பிறகு உங்கள் அதிகாரி ஒருவர் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். சத்தம் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. தவழ்ந்து வந்த ஆள் அந்த உயரத்தில்தானே தட்ட முடியும். திறந்தேன். சின்னவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்கா, பையனைத் தூக்கிக்குங்க. என் சட்டையைப் பிடிச்சுக்குங்க. விடாதீங்க, பேசாதீங்க" என்றார். படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கி, சமையலறைப் பின்வாசல் வழியாக வெளியே வந்தோம். அந்தக் கதவை அவர்தான் உதைத்துத் திறந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை பேர்?" எனக்குக் குரல் வரவில்லை. பெரியவன் நான்கு விரலைக் காட்டினான். தம்பி எங்களை எண்ணிப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார்.

இரண்டாவது முறை ரொம்ப நேரம் ஆனது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மாமா படுத்திருந்தது கூடத்துக்குப் பக்கத்து அறை. நெருப்பு பிடித்தது கூடத்தில், சோபாவுக்குப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். மாமாவைப் போர்வையில் கிடத்தி, தரையோடு இழுத்துக்கொண்டு தம்பி வெளியே வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. மூக்குக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடு. இருமினார், துப்பினார், துப்பியதும் கறுப்பு.

மாமா நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

நீங்கள் வந்து தண்ணீர் அடித்து முடித்த பிறகு, உங்களில் ஒருவர் தம்பியிடம் வந்து, "அறிவிருக்கா உனக்கு? உள்ளே போய் நீயும் செத்திருந்தா யார் பதில் சொல்றது?" என்று கத்தினார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் இரண்டு அறைகளை எரித்துப் பார்த்திருக்கிறது. ஒன்றில் பழைய காலத்து மர, பருத்திச் சாமான்கள், இன்னொன்றில் இந்தக் காலத்து ஸ்பாஞ்ச் சோபா, செயற்கை இழைத் துணி. பழைய அறை முழுதாகப் பற்றிக்கொள்ளக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆனது. இந்தக் காலத்து அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கட்டத்தில் கூரையடியில் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், அப்புறம் அந்த அறைக்குள் யாரும் பிழைத்திருக்க முடியாது. தம்பி இரண்டாம் முறை உள்ளே போனது எந்த நிமிடம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆகவே "உள்ளே போகாதீர்கள்" என்று நீங்கள் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் உங்கள் விழிப்புணர்வுப் பலகைகளில் அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. உள்ளே இருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கும்போது அந்த வாக்கியம் யார் காதிலும் விழாது. நீங்கள் வரும்வரை இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் வெளியே நிற்பவர் என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. முதலில் உங்களுக்குப் போன். அப்புறம் ஹாரன், கதவில் அடி, கூச்சல், எதுவாக இருந்தாலும் உள்ளே தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டும். புகை வாசனையில் விழித்துக்கொள்வோம் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். தூக்கத்தில் மூக்கு வேலை செய்யாது, அந்தப் புகையே தூக்கத்தை ஆழமாக்கும். எங்கள் வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லை. அன்று அந்த வேலையைச் செய்தது ஒரு பைக் ஹாரன். கதவைத் தொடுவதாக இருந்தால் புறங்கையால் தொட வேண்டும், சூடாக இருந்தால் திறக்கவே கூடாது. திறந்தால் காற்று புகுந்து நெருப்பு சீறும். மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவைச் சாத்தி இடுக்கில் துணியைத் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் வரச் சொல்லிக் கத்தலாம். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போனால் போதும் என்று எங்கள் தெருவில் எல்லாருமே நம்பினார்கள். கரியைக் கொஞ்சம் தடுக்குமே தவிர, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதில் தாராளமாக நுழையும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது வீடு எரிந்த பிறகு.

கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று தெருவில் பதினைந்து இருபது பேர் நின்றிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. 1968-ல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு அறையில் ஆளை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 100-க்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இரண்டு பேரை, எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்லி உட்காரவைத்தபோது, எழுந்து போய்ச் சொன்னவர்கள் 100-க்கு 10 பேர்தான். கண்ணை எரிக்கும் புகையிலும் மற்றவர்கள் படிவத்தையே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். தம்பி அதை எப்படி உடைத்தார் தெரியுமா? பொதுவாகக் கத்தவில்லை. ஒரு ஆளைக் கைகாட்டி, "சிவப்புச் சட்டை அண்ணே, நீங்க போன் பண்ணுங்க" என்றாராம். சிவப்புச் சட்டைக்காரர் உடனே போனை எடுத்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார். இதைச் சொல்லித்தர எத்தனை நிமிடம் ஆகும்? பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு வண்டியைக் காட்டக் கொண்டுபோகும் நாளில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்தை என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் நடைபாதையில் இருமிக்கொண்டிருந்த தம்பியின் விரலில் அந்தச் சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தீர்கள். 98 காட்டியது. "ஆக்ஸிஜன் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றீர்கள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு அதையும் ஆக்ஸிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டிவிடும். ரத்தத்தை எடுத்து அதற்கென்று இருக்கும் பரிசோதனை செய்தால்தான் தெரியும். இது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று அவர் உங்கள் கண்ணுக்கு நோயாளியாகப் படவில்லை, அவ்வளவுதான். காப்பாற்றியவர் என்று ஒருவரைப் பார்த்துவிட்டால் அவருக்கும் நுரையீரல் இருப்பது மறந்துபோகிறது போலும். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் போட்டு முழு ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் குறைந்திருக்கும். புகையால் மூச்சுக்குழாய் வீங்குவதும் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும். தம்பி விடியற்காலையில் வாந்தி எடுத்து, தலை வெடிக்கிற மாதிரி வலியோடு, தானே ஒரு ஆட்டோ பிடித்து வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பதினொரு நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை. எங்களுக்கு இது தெரிந்தது மூன்றாம் நாள்.

யார் உள்ளே போய்விட்டு வந்தாரோ அவரையும் வண்டியில் ஏற்றுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று அவர் சொல்லத்தான் செய்வார். அதைக் கேட்காதீர்கள்.

விருதுக் குழுவினருக்கு: நீங்கள் அவரைத் தேடிப்பிடித்து அழைத்ததற்கு நன்றி. அவர் வரமாட்டேன் என்றதில் உங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1904 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹார்விக் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 170-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடி உள்ளே போன இரண்டு பேரும் அதில் அடக்கம். அதைக் கேட்டு உருகிய ஆண்ட்ரூ கார்னகி அதே ஆண்டில் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு நிதியை ஏற்படுத்தினார். பிறரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்த சாதாரண மக்களுக்கு அது இன்றும் பதக்கம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது, அந்த நிதி பதக்கத்தோடு பணமும் கொடுப்பது. அந்த முயற்சியில் இறந்தவரின் குடும்பத்தையும், உடல் முடங்கியவரையும் தொடர்ந்து தாங்குகிறது. நூறாண்டுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றிய யோசனை இது. மேடையில் ஒரு கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அந்தப் பதினொரு நாளை யார் ஈடுகட்டினார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கலாம். நாங்கள் கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார். எங்களிடம் வாங்க அவருக்குக் கூச்சம். ஒரு முறையான ஏற்பாடு இருந்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமிருக்காது.

அவர் மேடைக்கு வராததற்குக் காரணம் அடக்கம் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். அது இல்லை. போன வாரம் என்னிடம் சொன்னார். மாமா இறந்த செய்தி கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. "அக்கா, முதல்ல கீழே இருந்தவரைப் பார்த்திருக்கணும். மேலே ஏறும்போது அந்த ரூம் வாசலைத் தாண்டித்தான் போனேன்" என்கிறார். அங்கே ஆள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

உங்களிடம் நெருப்பைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு உட்கார்ந்து பேச ஆள் இருப்பார்கள், கூட வேலை செய்யும் நாலு பேராவது இருப்பார்கள். தம்பிக்கு அப்படி யாரும் இல்லை. அவர் தனியாகப் போய், தனியாக வந்து, தனியாக அதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டை ஆய்வு செய்த அதிகாரி என்னிடம் விளக்கியது இது: மாமா எங்களைக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்குவார். கூடத்துப் புகை, ஹாரன் அடிப்பதற்கு வெகு நேரம் முன்பிருந்தே அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாடிக்கு முன்னால் அங்கே போயிருந்தாலும் மாமாவைப் பொறுத்தவரை ஏதும் மாறியிருக்காது, ஆனால் மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். இதை நெருப்பு தெரிந்த ஒருவர், உங்கள் சீருடையில் இருக்கும் ஒருவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்று அவரைத் திட்டியவரே வந்தாலும் நல்லதுதான். திட்டியது பயத்தில் என்று தம்பிக்கும் தெரியும்.

ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். நாளைச் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
அன்று வெளியே வந்த நான்கு பேரில் ஒருத்தி